வன்னித் தெருவும் துவிச்சக்கர வண்டியும்

மாங்குளம் சந்தியிலே கண்டி வீதியை விட்டுக் கிழக்கு நோக்கித் திரும்பினால், முல்லைத்தீவுக் கடற்கரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எனினும், ஊருக்கும் ஊருக்கும் இடையே கிடக்கும் காடுதான் பெரிது. பாலையும் வீரையும் முதிரையும் இரு மருங்கும் நிற்க, நிலம் பெரும் ஏற்றமோ இறக்கமோ இன்றிக் கிடக்கிறது. காலை வேளையில் அவ்வழியே துவிச்சக்கர வண்டியிற் செல்பவனுக்குத் தன் வண்டியின் சங்கிலி ஓசையும், உள்ளே எங்கோ கூவும் காட்டுக்கோழியின் குரலுமே கேட்கும். ஒரு பஸ் வண்டி கடந்து போய்விட்டால், அடுத்த வாகனம் வரும்வரை தெரு முழுவதும் அவனுக்கே சொந்தம்.

இத்தகைய தெருக்களைத் தேடி ஐரோப்பிய மக்கள் பணம் செலவிட்டுப் பயணம் போகிறார்கள். ஸ்பானிய நாட்டிலே அரகோன் என்றொரு மலைப் பிரதேசம் உண்டு. அங்குள்ள மலைப்பாதைகளில் மோட்டார் வண்டிகளின் தொல்லை இல்லை என்று கேள்வியுற்று, தூர தேசத்தவர்கள் துவிச்சக்கர வண்டிகளுடன் வந்து சேர்கின்றனர். அந்த அமைதி எவ்வாறு உண்டாயிற்று என்று விசாரித்தால் விடை சற்றுக் கசப்பானது. 1950களிலும் 1960களிலும் அம்மலைக் கிராமத்தவர்கள் சரகோசா, பார்சிலோனா முதலிய நகரங்களின் தொழிற்சாலைகளை நாடிக் குடிபெயர்ந்தனர். பல ஊர்கள் வெறுமையாயின; வீடுகள் இடிந்தன; தெரு மட்டும் எஞ்சிற்று. வாகனமில்லாத தெரு, அங்கே, மனிதர் விட்டுப்போன தெருவே.

வன்னியின் தெருக்களுக்கும் இது பொருந்தும். ஆனால், அரகோன் மக்கள் பிழைப்பைத் தேடிப் போனார்கள்; வன்னி மக்கள் அப்படிப் போகவில்லை. வன்னி ஒரு முறையன்று, பல முறை வெறுமையாயிற்று. ஒவ்வொரு முறையும் மக்கள் திரும்பி வந்தபோது, கடந்த நூறாண்டுக் காலத்திலே, அவர்களுட் பெரும்பாலோரைச் சுமந்து வந்தது துவிச்சக்கர வண்டியே.

முதல் வெறுமை பழையது. குளங்களாலே வாழ்ந்த நாடு வன்னி. குளம் உடைந்தால் வயல் போகும், வயல் போனால் ஊர் போகும், ஊர் போன இடத்திலே காடு ஏறும், காடு ஏறிய இடத்திலே காய்ச்சல் குடியேறும். 1803இலே முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் அதே ஆண்டிற் கற்சிலைமடுவிலே தோல்வியுற்றதோடு வன்னிமைகளின் ஆட்சி முடிவுற்றது. அதன் பின்னர் வந்த ஆங்கில அதிகாரிகள் கண்டது பெரும்பாலும் காட்டையும் உடைந்த குளங்களையும் காய்ச்சலால் மெலிந்த குடிகளையுமே. 1895இலே ஜே. பி. லூயிஸ் என்னும் சிவில் சேவை அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய பெருநூல் இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகிறது. குளம் குளமாக, ஊர் ஊராக அவர் எழுதிச் செல்வதைப் படிப்பவர்களுக்கு, ஒரு நாட்டின் கணக்கு ஏட்டைப் புரட்டுவது போன்ற உணர்ச்சியே தோன்றும்.

பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப், இளம் அதிகாரியாக 1905இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திற்கு வந்தபொழுது, புகையிரதப் பாதை இடையிலே முற்றுப்பெறாதிருந்தது. எனவே அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரையுள்ள காட்டுவழியை மாடு பூட்டிய தபால் வண்டியிலே கடந்தார். அவருடன் ஒரு நாயும் வோல்த்தேரின் நூல்கள் தொண்ணூறும் பயணஞ் செய்தனவாம். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் காங்கேசந்துறை வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது. ஆயினும் வன்னியைப் பொறுத்தவரையில் அது கடந்து போகிற வண்டியாகவே இருந்தது. நிலையத்திலே இறங்கியவர் தம் ஊருக்குப் பத்துமைல் போக வேண்டுமானால் காலும் கரத்தையுமே துணை.

இக்குறையைத் தீர்த்த யந்திரம் அதற்குள் பிறந்து வளர்ந்திருந்தது. இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவினதாய், சங்கிலியாற் பின்சக்கரத்தை உருட்டும் வண்டியை இங்கிலாந்திலே ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885இற் செய்தார். 1888இலே, பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் டன்லொப் காற்றடைத்த ரயருக்கு உரிமை பெற்றார். இந்த ரயரிலே இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. பிரேசில் நாட்டு ரப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் 1876இலே கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பெற்றன. உலகெங்கும் சக்கரங்கள் உருள, இத்தீவின் மரங்களும் பால் சொரிந்தன.

யாழ்ப்பாணத்திலே முதலிலே பாதிரிமாரும் உத்தியோகத்தரும் ஆசிரியரும் ஏறிய வண்டி, விரைவிலே கமக்காரனின் வண்டியாயிற்று. 'ரலே', 'ஹம்பர்', 'றட்ஜ்' என்னும் ஆங்கிலப் பெயர்கள் அங்கே வீட்டுப் பெயர்கள் போல வழங்கின. தகப்பன் ஓடிய 'ரலே'யை மகன் ஓடுவது வழக்கம். உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதித் தகடும் இரவிலே விளக்கும் இல்லாது போனால் பொலிசார் மறிப்பர் என்ற அச்சமும் வண்டியோடு கூடவே வந்தது.

வன்னிக்கு இவ்வண்டி பெருவாரியாக வந்தது குடியேற்றத்தோடு. கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இரணைமடுக் குளம் 1920களின் தொடக்கத்தில் நீர் தந்தது. 1936இலே, நிலமும் வேலையும் போதாத யாழ்ப்பாணத்து இளைஞர்களைக் கருதிக் கிளிநொச்சியிலே குடியேற்றம் தொடங்கிற்று. எனினும் காய்ச்சல் விட்டபாடில்லை. 1946 முதலாக டி.டி.ரி. மருந்து வீடு வீடாகத் தெளிக்கப்பட்ட பின்னரே மலேரியா பின்வாங்கிற்று. அதன்பின்னரே வன்னியிலே மனிதன் அச்சமின்றி இரவு தங்கினான். 1950களிலே வவுனிக்குளம் திருத்தப்பட்டது; முத்தையன்கட்டும் பின்னர் விசுவமடுவும் குடியேற்ற நிலங்களாயின. 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தபோது, விசுவமடுவின் மிளகாய்ச் செய்கை பல இளைஞரைச் செல்வராக்கியது. 1958இலும் 1977இலும் தெற்கிலும் மலைநாட்டிலும் நிகழ்ந்த வன்செயல்களால் வீடிழந்த தமிழ் மக்களும் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளின் விளிம்பிலே வந்து குடிசை போட்டனர்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்த உடைமை யாதெனில் துவிச்சக்கர வண்டிதான். யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்குத் தோட்டம் வேலிக்கு அப்பால் இருந்தது. வன்னிக் கமக்காரனுக்கு வயல் இரண்டு மூன்று மைலுக்கு அப்பால். பள்ளிக்கூடம் ஒரு திசை, கடை ஒரு திசை, ஆஸ்பத்திரி வேறொரு திசை. செம்மண் கிரவல் பாதையில் மாரியிலே வண்டில் புதையும்; வாய்க்கால் அணைக்கட்டிலோ கரத்தை ஏறவே இடமில்லை. ஒரு முழ அகலம் கிடைத்தாலே துவிச்சக்கர வண்டி போய்விடும். பின் 'கரிய'ரிலே ஒரு மூடை நெல்லு, முன் 'பா'ரிலே ஒரு பிள்ளை, கைபிடியிலே பால் போத்தல் என்று ஒரு குடும்பத்தின் போக்குவரத்து முழுவதையும் அது தாங்கிற்று. முல்லைத்தீவுக் கரையிலே விடியற்காலை மீனை வாங்கிப் பெட்டியிலிட்டுப் பின்னே கட்டி, ஐஸ் கரைவதற்குள் ஒட்டுசுட்டானைத் தாண்டிவிட வேண்டுமென்று மிதித்த மீன் வியாபாரியை எந்த ஐரோப்பியப் பந்தயக்காரனோடும் ஒப்பிடலாம். பாலைப்பழக் காலத்திலே பிள்ளைகள் பள்ளி விட்டு வீடு சேர நேரமாவதற்கும் வண்டியே குற்றம் சுமந்தது.

இரண்டாவது வெறுமை போரினால் வந்தது. 1990 ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணப் புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் நாளடைவிற் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. அவ்வாண்டு ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணத்து முஸ்லிம் மக்களை அவர்களுடைய ஊர்களிலிருந்து வெளியேற்றினர். நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று முதலிய ஊர்களிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், தேடிய தேட்டத்தை விட்டுவிட்டு நடந்தனர். வன்னித் தெருவின் அமைதியைப் பற்றிப் பேசுவோர் பலர் இதனை மறந்துவிடுவதுண்டு. மறக்கத் தகாதது.

பெற்றோலும் டீசலும் வன்னிக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலிற் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையைச் சனங்கள் கண்டுபிடித்தனர். புகையும் நாற்றமுமாக அது ஓடிற்று. மண்ணெண்ணெயும் கிடைக்காதவனுக்குத் துவிச்சக்கர வண்டி ஒன்றே கதி. வைத்தியரும் ஆசிரியரும் பிணப்பெட்டியும் அதிலேயே சென்றனர். கண்டி வீதியிலே ஒருவன் பகல் முழுவதும் மிதித்தும் ஒரு லொறியைக் காணாதிருக்கக்கூடிய காலம் அது. அரகோன் மலையிலே பணம் கொடுத்துத் தேடும் அமைதி இங்கே வேண்டாமலே கிடைத்தது. வானத்திலே விமானத்தின் இரைச்சல் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு மிதிப்பவனுக்கு அந்த அமைதி இனித்திருக்க முடியாது.

ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தபடியால், யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையே முதலிற் கொம்படி - ஊரியான் என்னும் சேற்றுவழியும், பின்னர் கிளாலிக் கடனீரேரியுமே வாயில்களாயின. கொம்படியிலே நீரும் சேறுமான தரவையில் வண்டியைத் தள்ளியும் தூக்கியும் நடந்தார்கள். கிளாலியிலே இரவு நேரத்தில், படகுகளில் மனிதருக்கிடையே வண்டிகளும் அடுக்கப்பட்டன. 1993 ஜனவரியிலே அக்கடனீரேரியிற் பயணஞ் செய்த பொதுமக்கள் கடற்படையினராற் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் பயணம் நிற்கவில்லை, நிற்க வழியும் இருக்கவில்லை. கரையேறியவர்கள் விடியுமுன் வண்டியிலேறிக் கிளிநொச்சியைத் தாண்டி, வவுனியா நோக்கிக் காடு நடுவே மிதித்தனர். ஓய்வூதியம் எடுக்கப் போன முதியவரும், பல்கலைக்கழகத்திற்குப் போன மாணவனும், சோப்பும் நெருப்புப்பெட்டியும் வாங்கி வந்து விற்ற சிறு வியாபாரியும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

அந்நாட்களிலே இவ்வண்டி செய்த மற்றொரு தொண்டு வானொலி நேயர்களுக்கு உரியது. வன்னியிலே மின்சாரம் இல்லை. உலர்மின்கலங்களும் தடைப்பட்ட பொருள்களாய் இருந்தன. துவிச்சக்கர வண்டியின் டைனமோ, ரயரின் பக்கத்திலே உராய்ந்து சுழன்று விளக்குக்கு ஆறு வோல்ற் மின் தருவது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, அம்மின்னை வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம், பெட்டிக்கு வேண்டியதோ நேரோட்டம் ஆகையால், வானொலி திருத்துபவரிடம் ஒரு சிறு டயோட்டு வாங்கி இடையிலே பற்றவைக்க வேண்டியிருந்தது. மாலையிலே 'தமிழோசை'யோ, மணிலாவிலிருந்து வெரித்தாஸோ, கொழும்புச் செய்தியோ வரும் நேரத்தில், முற்றத்திலே அயலவர் கூடியிருக்க, ஒருவர் கை சோர மற்றவர் சுற்றுவார். சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்துவிடும். போரின் செய்தியை அறிய அத்தனை பேர் முறைவைத்துச் சக்கரம் சுழற்றிய நாடு உலகத்தில் வேறு உண்டோ என்பது ஆராயத்தக்கது.

பெயரும் அக்காலத்தில் மாறிற்று. அரசாங்கப் பத்திரங்களிலே துவிச்சக்கர வண்டி, வாய்மொழியிலே சைக்கிள், புலிகளின் ஆளுகைக்குட்பட்ட வன்னியிலே ஈருருளி. மூன்று பெயராலும் அழைக்கப்பட்டது ஒரே பழைய வண்டிதான். அதன் 'ரியூ'ப்பிலே ஒட்டுக்குமேல் ஒட்டு.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே ஒரே வீதியால் வெளியேறினர். மழை பெய்தது. கைபிடியிலே பை, கரியரிலே பாய், பாரிலே பிள்ளை. வண்டி ஏறி ஓடுவதற்கன்று, தள்ளுவதற்கு. அவர்களிற் பெருந்தொகையினர் அடுத்த மாதங்களிலே கிளாலி தாண்டி வன்னிக்கு வந்தனர். ஆளில்லாதிருந்த வன்னிக் காட்டு ஊர்களில் அவ்வாறு மீண்டும் சனம் நிறைந்தது. 1996இலே கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனபோது அக்கராயனுக்கும் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்குமாக மறுபடியும் அதே ஊர்வலம். 1997 மேயிலே தொடங்கிய 'ஜயசிக்குறு' நடவடிக்கை கண்டி வீதியைத் திறப்பதற்கென்று நடந்தது. 1998 முடியும்வரை நடந்தும் வீதி திறக்கவில்லை. 2002 பெப்ரவரியிலே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர், ஏப்ரலிலேதான் அது சனங்களுக்குத் திறந்தது. தெருவோரத்திலே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். தாருக்கு வெளியே காலூன்றினால் மிதிவெடி. வண்டி ஓட்டிகள் தெருவின் நடுவே ஓடப் பழகினார்கள்.

2006 ஆகஸ்டிலே வீதி மறுபடி மூடிற்று. 2008இலே போர் மேற்கிலிருந்து கிழக்காக நகர, மன்னார்ப் பக்கத்திலிருந்தும் மல்லாவி, துணுக்காயிலிருந்தும் மக்கள் கிழக்கே ஒதுங்கினார்கள். முதலில் வீட்டுக் கூரைத் தகரமும் கதவும் உழவு இயந்திரத்தில் ஏறின. எரிபொருள் தீர உழவு இயந்திரம் நின்றது. அதன்பின் துவிச்சக்கர வண்டிதான். 2009 ஜனவரி 2ஆந் திகதி இராணுவம் நுழைந்தபோது கிளிநொச்சி ஆளற்ற நகரமாயிருந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம் சுருங்கச் சுருங்க, வண்டியில் ஏற்றிய பொருள்களும் சுருங்கின. அரிசியும் ஒரு தறப்பாளும் ஒரு பதுங்குகுழி மண்வெட்டியும் எஞ்சின. காயப்பட்டவர்களையும் நடக்கமாட்டாத முதியவர்களையும் கரியரிலே இருத்தி ஒருவர் பிடிக்க ஒருவர் தள்ளினார்கள்.

அவ்வாண்டு மே மாதத்திலே போர் முடிந்தது. கடற்கரையிலே உயிரிழந்தோர் பல்லாயிரவர். நந்திக்கடல் நீரைக் கடந்து இராணுவப் பக்கம் வந்தவர்களால் வண்டியைக் கொண்டுவர முடியவில்லை. முள்ளிவாய்க்காலின் மணலிலே லொறிகளோடும் உழவு இயந்திரங்களோடும் ஆயிரக்கணக்கான துவிச்சக்கர வண்டிகள் சாய்ந்தும் குவிந்தும் கிடந்த காட்சியை அக்காலத்துப் படங்கள் காட்டுகின்றன. நெடுநாள் உப்புக் காற்றிலே துருவேறி, பின் பழைய இரும்பாக லொறிகளில் ஏறிப் போயின. அவற்றின் உடைமையாளரிற் பலர் அப்போது செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே, முட்கம்பிக்குள் இருந்தனர். ஏறத்தாழ 2,80,000 பேர் அவ்வாறு முகாம்களில் வைக்கப்பட்டிருந்தனர். மெனிக் பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

மீளக் குடியேறியவர்களுக்குத் தகரமும் விதைநெல்லும் கொடுத்ததோடு துவிச்சக்கர வண்டியும் கொடுத்தார்கள். இந்திய அரசாங்கத்தின் உதவியாகவும் வண்டிகள் வந்தன. எல்லா வீடுகளுக்கும் கிடைத்தன என்று சொல்வதற்கில்லை. கணவனை இழந்த பெண்கள் பலருக்கு அதுவே கூலி வேலைக்கும் கச்சேரிக்கும், காணாமற் போனவரைத் தேடி அலைவதற்கும் வாகனமாயிற்று. கண்டி வீதி கம்பளம் விரித்தாற்போலத் தார் இடப்பட்டது. 2013 செப்டெம்பரிலே புகையிரதம் கிளிநொச்சியையும், 2014 ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. அவ்வீதியில் இப்போது இரவுப் பஸ் வண்டிகள் பறக்கின்றன. கரையோரமாக மிதித்துச் செல்பவன் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டியவனாகிவிட்டான். உயிர் போன விபத்துக்களும் உண்டு. அமைதி உள்ளே போய்விட்டது: மாங்குளம் - முல்லைத்தீவு வீதிக்கும், மல்லாவி வழியே வெள்ளாங்குளம் போகும் வீதிக்கும், நெடுங்கேணிக் காட்டுக்கும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 92,000. பரப்பளவு 2,617 சதுர கிலோமீற்றர். இலங்கையிலே மிகக் குறைந்த அடர்த்தியில் மக்கள் வாழும் மாவட்டம் அதுவே. காடும் குளமும் அதற்கு ஒரு காரணம். திரும்பாதவர்கள் மற்றொரு காரணம்.

2022இலே நாடு முழுவதும் எரிபொருள் அற்றுப்போனபொழுது கொழும்பிலே துவிச்சக்கர வண்டியின் விலை ஏறிற்று. உத்தியோகத்தர்கள் அதில் அலுவலகம் போவதைப் பத்திரிகைகள் புதுமையாகப் படம் பிடித்தன. வன்னியிலே அது புதுமையன்று. பின் தாழ்வாரத்திலே சாத்தியிருந்த வண்டியை எடுத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்தார்கள். எரிபொருள் வந்தபின் பலர் அதனைத் திரும்பவும் தாழ்வாரத்திலே சாத்திவிட்டனர்.

வைகாசிப் பொங்கலன்று மட்டும் முல்லைத்தீவு வீதியிலே இரவிலும் அமைதி கிடையாது. நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு வன்னி முழுவதும் புறப்படுகிறது. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். கோயிற் புறத்திலே சனசமூக நிலையத்தார் கயிறு கட்டி, துவிச்சக்கர வண்டிப் பாதுகாப்பு நிலையம் நடத்துவது அப்பகுதியின் பழைய வழக்கம். இலக்கமிட்ட மட்டையின் ஒரு பாதியைக் கைபிடியிலே கட்டி, மறுபாதியை உடையவரிடம் கொடுப்பார்கள். விடியற்காலையிலே பொங்கல் முடிந்து, திருநீறும் பிரசாதமுமாக வருபவர் அந்தப் பாதியை நீட்டித் தம் வண்டியைப் பெற்றுக்கொண்டு, ஒட்டுசுட்டான் பக்கமாக மிதிக்கிறார்.